சொக்லட் உருண்டையும் உன் சாச்சியும்

மகன், உனக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் என் சலாம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ டோஹாவிலிருந்து கதைத்தபோது ஒரு சின்ன விஷயம்தான் கேட்டாய். "உம்மா, நான் சின்னப் பொடியனா இருக்கக்குள்ள அடுப்பு மூட்டாம ஒரு சொக்லட் உருண்டை செஞ்சீங்களே, அது எப்படி?" என்றாய். பிள்ளைகளுக்கு லீவு வருகிறது, அவர்களோடு சேர்ந்து செய்யப் போகிறோம் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றதையும் சொன்னாய். "சின்னவ எந்நேரமும் வேலைக்கு நிக்கிற அந்தப் புள்ளையோடதான். அவட கையாலதான் திங்கிறா, அவட மடியிலதான் தூங்குறா. ஒங்கட மருமக றிஸ்னா பார்த்துப் பார்த்து அழுறா உம்மா. மாசக் கடைசியில அவள அனுப்பிட்டு வேற ஆள் பார்க்கப் போறம். அதுக்கு முதல் புள்ளையள எங்கட பக்கம் இழுக்கணும்." நான் "அடுப்புல கறி கிடக்கு மகன், பொறகு சொல்றன்" என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. அன்றைக்கு நான் சமைக்கவே இல்லை.

நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாரி பிஸ்கட் ஒரு பெரிய பக்கெட் எடுத்து, ஒரு பையில் போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்துத் தட்டச் சொல். அவர்களுக்கு அதுதான் மிகவும் பிடித்த வேலை. மாவாகிவிட வேண்டாம், கொஞ்சம் குறுணலாக இருக்கட்டும். அதில் நாலு மேசைக்கரண்டி கொக்கோ தூள், இளகிய மாஜரின் இரண்டு கரண்டி, பிறகு டின்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசை. கையில் ஒட்டவும் வேண்டும், உருட்டினால் நிற்கவும் வேண்டும், அதுதான் பதம். சற்று நேரம் குளிர வைத்துவிட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கையில் மாஜரின் தடவி உருட்டவிடு. கோணலாக உருட்டினால் திருத்தாதே. ஒருவர் உருட்டியதை இன்னொருவர் எடுத்து அழகாக்கக் கூடாது. கடைசியில் துருவி உலர்த்திய தேங்காய்ப்பூவில் புரட்டினால் சரி. ஏழு வயதுப் பிள்ளை தனியாகவே செய்துவிடும். செய்முறை இவ்வளவுதான். ஆனால் இதை நான் எங்கே, யாரோடு படித்தேன் என்பதையும், எங்கள் வீட்டில் இதைச் செய்த நாளில் என்ன நடந்தது என்பதையும், அதற்குப் பிறகு நான் உனக்குச் சொன்ன ஒரு பொய்யையும் சொல்லாமல் இந்தச் செய்முறையை மட்டும் உன் கையில் தர எனக்கு முடியவில்லை. மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. அவள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதில் இருக்கிறது.

உனக்கு மூன்று வயது முடியவில்லை, நான் ஜித்தாவுக்குப் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யுத்தப் பிரச்சினை தொடங்கி, எங்கள் ஊரார் யாரும் மேற்கே வயல் பக்கம் போக முடியாத காலம். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. உன் வாப்பா இரண்டு போகம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கடற்கரையில் வலை இழுக்கப் போனார். நெல்லைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர், கயிறு அறுத்த உள்ளங்கையோடு வந்து உட்கார்ந்திருப்பார். நான்தான் போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். எனக்கிருந்த ஒரே தைரியம் என் தங்கச்சி ஜெஸீமா, உன் சாச்சி. உம்மாவும் வாப்பாவும் இல்லாத அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. "நீங்க போயிட்டு வாங்க ராத்தா. இவன நான் பார்க்கிறன். நீங்க வாற வரைக்கும் எனக்குக் கல்யாணப் பேச்சு ஒண்டும் வேணாம்" என்றாள். அதற்குப் பதிலாக நான் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு வேண்டும், மாப்பிள்ளை அங்கே வருவார். இருந்த ஒரு வீடும் மூத்தவள் என்று எனக்கே வந்துவிட்டது. எங்கள் வளவுக்குள்ளேயே உனக்கொரு வீடு கட்டித் தருவேன், நாம் இரண்டு பேரும் ஒரு வேலிக்குள் இருப்போம் என்று அவளிடம் சொன்னேன்.

ஜித்தாவில் நான் நின்ற வீட்டில் தலால் என்று ஒரு பொடியன் இருந்தான். உன்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அந்த வீட்டு மேடம் ஒரு பாடசாலையில் படிப்பித்தவ. அவ வீட்டுக்கு வரும்வரை அவன் என் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். விடுமுறை நாட்களில் மேடம், தலால், அவனுடைய ராத்தா, நான் எல்லோரும் குசினித் தரையில் உட்கார்ந்து இந்த உருண்டையைப் பிடிப்போம். எனக்கு முதலில் கூச்சமாக இருக்கும். எஜமானியும் வேலைக்காரியும் ஒரே சட்டிக்குள் கையை விட்டுப் பிசைவதா என்று. அவ அதை நினைத்ததாகவே தெரியவில்லை. தலாலின் சின்னக் கையை என் கைக்குள் வைத்து உருட்டும்போது நான் உன்னை நினைத்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. முதல் வருஷம் உன்னைத்தான் நினைத்தேன். இரண்டாவது வருஷம் சில நேரங்களில் தலாலை மட்டும்தான் நினைத்தேன். இதை எந்த உம்மாவும் தன் மகனிடம் சொல்லமாட்டாள். ஆனால் அந்த நாடு அப்படித்தான் என்னை உயிரோடு வைத்திருந்தது.

உன் வாப்பா கெசட்டில் பேசி அனுப்புவார். யாராவது ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்து தருவார்கள். ஒரு கெசட்டில் அவர் நெல் விலை பற்றியோ என்னவோ கதைத்துக்கொண்டிருக்க, பின்னால் உன் குரல் கேட்டது. "உம்மா, தண்ணி" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று. அதற்குப் பிறகு ஜெஸீமாவின் குரல், மிக மெதுவாக: "சாச்சி எண்டு சொல்லு மகன். உம்மா இதக் கேப்பா." நான் அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அவள் உன்னைத் திருத்தியது எனக்குக் கேட்கவில்லை. நீ அவளை உம்மா என்றது மட்டும்தான் கேட்டது.

நாலரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தேன். நான் புறப்பட்ட அன்றைக்குத் தலால் என் அபாயாவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மேடம் அவனை என்னிடமிருந்து பிடுங்கவில்லை. அவன் அழுது ஓயும்வரை என்னோடேயே விட்டா. பிறகு அவன் பக்கத்தில் குந்தி, "இவவுக்கு உன்னைப்போல ஒரு மகன் இருக்கிறான், அவனும் காத்திருக்கிறான்" என்று சொன்னா. என் பெட்டியில் கொக்கோ டின் இரண்டைத் தன் கையாலேயே வைத்து, "உன் மகனோடு செய்" என்றா. தன் பிள்ளை வேறொருத்திக்காக அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு பெரிய மனது வேண்டும், மகன். அது அவவிடம் இருந்தது. அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

வேன் வாசலில் வந்து நின்றபோது நீ ஜெஸீமாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாய். ஏழு வயதுப் பிள்ளை, முன் பல் இரண்டு இல்லை. நான் கையை நீட்டினேன். நீ வரவில்லை. "போ மகன், உம்மா வந்திருக்கா" என்று அவள் தள்ளினாள். தள்ளும்போதே அவள் கை உன் சட்டையை விடாமல் பிடித்திருந்ததை நான் கண்டேன். அவளுக்கே அது தெரியாது என்று இப்போது நினைக்கிறேன்.

நாலைந்து நாள் கழித்துத்தான் கொக்கோ டின்னைத் திறந்தேன். உன்னை என் பக்கம் இழுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாய் விரித்து, பிஸ்கட்டை நொறுக்கவிட்டேன். நீ குனிந்த தலை நிமிராமல் வேலையைச் செய்தாய். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, அதனால் தட்டைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய பேசனில் மிதக்கவிட்டுக் குளிர வைத்தோம். தட்டு ஆடுவதைப் பார்த்து முதல்முறையாக நீ சிரித்தாய். பிறகு உருட்டத் தொடங்கினோம். நீ உருட்டியதில் ஒன்றுகூட நீ தின்னவில்லை. ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துக்கொண்டே போனாய்.

"இதெல்லாம் யாருக்கு மகன்?" என்று கேட்டேன்.

"உம்மாக்கு" என்றாய்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை நீட்டினேன். நீ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து கிணற்றடிக்குப் போனாய். ஜெஸீமா அங்கே உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கையை உதறிவிட்டு, "அங்க இரிக்கிறவதான் உம்மா. அவக்குக் குடு" என்றாள். நீ சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. "அவதானே செஞ்சவ, அவக்கு இரிக்கிது. ஒங்களுக்குத்தானே இல்ல" என்றாய். நீ நியாயமாகத்தான் கதைத்தாய். எனக்கோ கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "இஞ்ச வா தலால்!" என்று கத்தினேன்.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும், அது உன் பேரல்லவே. ஜெஸீமாதான் திரும்பிப் பார்த்தாள். நீ அவளிடம், "தலால் எண்டா யாரு?" என்று கேட்டாய். "உம்மா அங்க ஒரு புள்ளையப் பார்த்தவ மகன். நாக்குத் தடுமாறிட்டு" என்றாள். "அப்ப இனி அந்தப் புள்ளைக்கு ஆரு செஞ்சு குடுப்பா?" என்று கேட்டாய். கேலியில்லை, கோபமில்லை. உனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துக் கவலையாக இருந்தது. உம்மா போய்விட்ட பிள்ளை எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் உனக்குத்தானே தெரியும்.

அன்றைக்கே நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படவில்லை. பொறாமைப்பட்டேன். நீ காய்ச்சலில் அவளைத் தேடினாய், பாடசாலைக் கதையை அவளிடம் சொன்னாய், என் கைச்சோறு உறைப்பு என்றாய். அவள் உனக்குச் சாப்பாடு கொடுக்கும்போது நான் குறுக்கே போய்ப் பீங்கானை வாங்கினேன். அவள் உன்னைக் குளிப்பாட்டக் கூடாது என்றேன். அவள் விலகி விலகிப் போனாள். அவள் விலக விலக நீ என்னை இன்னும் வெறுத்தாய். பிறகு பொத்துவிலிலிருந்து ஒரு பேச்சு வந்தது. மனைவி மவுத்தாகித் தனியாக இருந்த ஒரு மீன் வியாபாரி, நல்ல மனிதர், சொந்த வீடு உள்ளவர். பெண் அங்கே வந்தால் போதும் என்றார்கள். எங்கள் வளவுக்குள் அவளுக்காகப் போட்ட அத்திவாரம் முழங்கால் உயரத்தில் நின்றது. அதை மேலே எழுப்ப என்னால் முடிந்திருக்கும். நான் எழுப்பவில்லை.

ஜெஸீமா குசினிக்குள் வந்து நின்றாள். "ராத்தா, நான் இஞ்சயே ஒரு மூலையில கிடக்கிறன். எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்" என்றாள்.

"எத்தின நாளைக்கு மத்தவங்கட புள்ளைய வெச்சிக்கிட்டு இரிக்கப் போறாய்?" என்றேன்.

அவள் அழவில்லை. "ஓம் ராத்தா, சரி" என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் நான் சொன்ன எத்தனையோ சொற்களில் இதைத்தான் திருப்பி எடுக்கத் துடிக்கிறேன். நிக்காஹ் முடிந்து அவள் புறப்பட்டபோது நீ வேனுக்குப் பின்னால் ஓடினாய். நான் உன்னை இறுக்கிப் பிடித்தேன். நீ என் கையைக் கடித்தாய். உன் வாப்பா வந்து உன்னை வாங்கிக்கொண்டார்.

இனிச் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. ஜெஸீமா பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது, பொத்துவிலிலிருந்து கல்முனைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பினாள். "அஸ்மிய ஒருக்கா கூட்டிட்டு வரச் சொல்லுங்க." பாதை சரியில்லை என்று பதில் அனுப்பினேன். பாதை சரியில்லாதது உண்மை. திருக்கோவிலுக்கு அங்கால் எந்த நேரம் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடக்க வேண்டும். ஆனால் நான் உன்னை அனுப்பாததற்கு அதுதான் காரணம் என்பது பொய். சனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். உன் வாப்பா, "நான் கூட்டிட்டுப் போறன், ரெண்டு நாள்ல வந்திருவம்" என்றார். "பரீட்சை இரிக்கி" என்றேன். மூன்றாம் வகுப்புப் பரீட்சை.

பிள்ளை பிறந்த பிறகு இன்னொருதரம் சொல்லி அனுப்பினாள். அப்போது அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மலேரியா கடுமையாக இருந்த வருஷம். மூன்றாவது தரம் ஒரு துண்டு வந்தது. கொப்பியில் கிழித்த தாளில் அவளுடைய கையெழுத்து. "ராத்தா, அஸ்மிய ஒரு நாளைக்கு மட்டும் அனுப்புங்க. அவன் என்ன உம்மா எண்டு கூப்பிடமாட்டான். வந்த ஒடனே நான் சொல்லி வெப்பன், நான் சாச்சிதான் எண்டு. தங்கச்சிப் புள்ளையப் பார்த்திட்டுப் போகட்டும்." நான் அதை வாசித்தேன். மடித்தேன். எரிந்துகொண்டிருந்த அடுப்புக்குள் வைத்தேன். உன் வாப்பாவுக்கு அந்தத் துண்டு வந்ததே தெரியாது.

ஒன்பது நாள் கழித்து அவள் மவுத்தானாள். காய்ச்சல் கூடி, அம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நானும் வாப்பாவும் உன்னை மாமி வீட்டில் விட்டுவிட்டு ஓடினோம். கோமாரிக்கு இந்தப் பக்கம் ஒரு சாவடியில் மூன்று மணித்தியாலம் நிற்பாட்டி வைத்துவிட்டார்கள். நாங்கள் வீட்டு வாசலில் இறங்கியபோது ஆண்கள் அவளை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை. உள்ளே அவளுடைய புருஷனின் ராத்தா பச்சைப்பிள்ளையை மடியில் வைத்திருந்தா. நான் அந்தப் பிள்ளையைத் தாருங்கள், நான் வளர்க்கிறேன் என்று கேட்டேன். ஜெஸீமாவின் புருஷன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "வேணாம். இந்தப் புள்ளையாவது ஒரு எடத்துல வளரட்டும்." அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நாங்கள் திரும்பி வந்த அன்றைக்கு நீ வாசல் படலையடியில் நின்றாய். யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். நீ அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "உம்மா, சாச்சி என்ன வரச் சொல்லி ஒருக்காவாவது கேட்டாவா?" பொத்துவில் போன நாளிலிருந்து அவளிடமிருந்து ஒரு சொல் வரும் என்று நீ காத்திருந்திருக்கிறாய். எனக்கு அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஓம் என்று சொன்னால், பிறகு ஏன் அனுப்பவில்லை என்று கேட்பாய்.

"இல்ல மகன். அவக்கு அங்க வேலை கூட" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு நீ அவளுடைய பேரை எடுத்ததே இல்லை. மெதுமெதுவாக என்னோடு ஒட்டத் தொடங்கினாய். என் கையால் சாப்பிட்டாய், பாடசாலைக் கதைகளை என்னிடம் சொன்னாய். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. கொக்கோ வாங்கி வந்து நாம் எத்தனையோ தரம் அந்த உருண்டையைச் செய்தோம், உனக்கு ஞாபகத்தில் இருப்பது அதுதான். சாச்சி தன்னை மறந்துவிட்டாள் என்று நம்பிய ஒரு பிள்ளை வேறு போக்கிடம் இல்லாமல் என்னிடம் வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். ஜெஸீமா உன்னை மறக்கவில்லை, மகன். மூன்று தரம் கேட்டாள். நான்தான் மறைத்தேன். முதல் இரண்டு தரமும் வாப்பாவுக்குத் தெரியும். "நீ சொல்லாம நான் சொல்லமாட்டன். ஆனா நீ சொல்லத்தான் வேணும்" என்று கண்ணை மூடும் வருஷம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டைப் பற்றி அவருக்கும் நான் சொல்லவில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். நானும் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள், அந்தப் புள்ளையின் பக்கமிருந்தும் எனக்குக் கதைக்கத் தெரியும். அவள் உன் மகளை உங்களிடமிருந்து பறிக்கவில்லை. நீங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளை பயந்துவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் ஊரில் ஒரு பிள்ளை இருக்கக்கூடும், கேட்டுப் பார்த்தீர்களா? அவளை அனுப்பிவிட்டால் சின்னவள் றிஸ்னாவிடம் வருவாள்தான். நானே கண்டேன். ஆனால் எதை உடைத்துவிட்டு வருகிறாள் என்பதை அந்தப் பிள்ளையால் சொல்லத் தெரியாது. உருண்டை பிடிக்க உட்காரும்போது அந்தப் புள்ளையையும் கூப்பிட்டு உட்கார வை. சின்னவள் முதல் உருண்டையை அவளுக்குக் கொடுத்தால் கொடுக்கட்டும். மருமகளுக்கு வலிக்கும். வலித்தாலும் சிரித்துக்கொண்டு இருக்கச் சொல். அந்த வலியை எனக்குப் பொறுக்கத் தெரியவில்லை, அதற்காக ஒரு ஆளையே இழந்தோம்.

உன்னோடு கதைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் பொத்துவிலுக்கு, ஜெஸீமாவின் மகளிடம் போனேன். இத்தனை வருஷத்தில் பெருநாளைக்கு உடுப்பு அனுப்பியிருக்கிறேன், கல்யாணத்துக்குப் போய்த் தலையைக் காட்டியிருக்கிறேன், மற்றபடி அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார எனக்குத் தைரியம் வந்ததில்லை. உன் தங்கச்சி சஹ்லாவைத்தான் சொல்கிறேன். அவளுக்கு இப்போது ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். உனக்கு எழுதிய எல்லாவற்றையும் அவளிடம் முதலில் சொன்னேன், அந்தத் துண்டில் என்ன எழுதியிருந்தது என்பது வரைக்கும். அவள் கோபப்படுவாள், எழும்பிப் போ என்பாள் என்று நினைத்தேன். அவள் ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, "உம்மாட கையெழுத்து எப்படி இரிக்கும் பெரியம்மா?" என்று கேட்டாள்.

அவளிடம் ஜெஸீமாவின் ஞாபகமாக ஒன்றும் இல்லை, மகன். இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. சுனாமியில் கடல் வந்தபோது அதுவும் வீட்டோடு போய்விட்டது. நான் உருட்டி எழுதும் எழுத்து என்றேன், சிரித்தால் கண் மூடிவிடும் என்றேன், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "இதெல்லாம் ஒங்கட தங்கச்சி பெரியம்மா. எங்கட உம்மா எப்படி? எல்லாரும் தங்கட உம்மாவப் பார்த்துத்தான் புள்ள வளக்கப் பழகிறாங்க. எனக்குப் பயமா இரிக்கி. புள்ள அழுதா அவ என்ன செய்வா? கோவம் வந்தா அடிப்பாவா? தூங்க வெக்க என்ன சொல்லுவா?"

நான் பார்த்த ஜெஸீமா ஒரு தங்கச்சி. உம்மாவாக இருந்த ஜெஸீமாவை நான் பார்க்கவில்லை, அந்த நாலரை வருஷமும் நான் ஜித்தாவில் இருந்தேன். வாப்பாவும் இப்போது இல்லை. அவள் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியதைக் கண்டவன் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். அப்படித்தான் சஹ்லாவிடம் சொன்னேன். "அப்ப அஸ்மி காக்காக்குத் தெரியுமா?" என்று, கூடப்பிறந்த அண்ணனைப் போல உன்னைச் சொல்லிக் கேட்டாள். தெரியும் என்றேன். "கதைப்பாரா என்னோட?" என்றாள். கதைப்பான் என்று உனக்காக நானே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று உனக்கு இப்போது தெரியும். அதனால் இதை நீ காப்பாற்றித் தர வேண்டும்.

அவளுடைய நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். காய்ச்சலில் கிடந்தபோது சாச்சி உன் தலைமாட்டில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள், பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று நீ அடம்பிடித்தபோது என்ன செய்தாள், சோற்றை எப்படிப் பிசைந்தாள், எதற்கு அடித்தாள், அடித்துவிட்டு எப்படி இருந்தாள், எல்லாவற்றையும் அவளுக்குச் சொல். மறந்துவிட்டதாக நினைப்பவையும் கதைக்கக் கதைக்க வரும். என்னிடம் கேட்க உனக்கு எவ்வளவோ இருக்கும், ஏச இருக்கும், எப்போது கூப்பிடுவது என்பதை நீயே பார்த்துக்கொள், நான் இங்கேதான் இருப்பேன். ஆனால் அவளோடு இன்றைக்கே கதை.